சாகாதவர்களின் பாக்கி

(நாகர்கோவிலில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மிகுபுனைவில் சாவும் சாகாமையும் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். மேடை அதற்குப் பொருத்தமானதுதான். ஒருவர் காலமானதும் அவர் பெயரில் ஒரு தொகையை வங்கியில் போட்டு, முதலைத் தொடாமல், வட்டியைக்கொண்டு ஆண்டுக்கு ஒருமுறை யாரையாவது பேசவைக்கிறோம். சாவுக்கு எதிராக நம் நடுத்தரக் குடும்பங்கள் செய்துகொண்ட ஏற்பாடுகளில் இதைவிட அடக்கமான ஒன்று கிடையாது. வட்டி விகிதம் இறங்க இறங்க அமரத்துவமும் கொஞ்சம் இறங்கும். அதற்கு நாம் என்ன செய்ய?

இன்றைய என் பேச்சுக்குத் தூண்டுதலாக இருந்ததும் ஒரு நினைவுச் சொற்பொழிவே. 1939 மார்ச் 8ஆம் நாள், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில், ஆண்ட்ரூ லாங் என்ற அறிஞரின் பெயரில் நடந்த சொற்பொழிவில் ஜே.ஆர்.ஆர். டோல்கீன் மாயக்கதைகளைப் பற்றிப் பேசினார். ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலை அப்போது பாதிகூட எழுதியிருக்கவில்லை. மனிதர்கள் மாயக்கதை சொல்வதற்கு மூலமாக இருக்கும் ஆசைகளில் மிகப் பழையது சாவிலிருந்து தப்பிக்கும் ஆசை என்றார். அத்தோடு விடவில்லை. சாகாத எல்ஃப் இனத்தார் தமக்குள் கதை சொல்லிக்கொண்டால் அவையெல்லாம் சாகாமையிலிருந்து தப்பிக்கும் கதைகளாக இருக்கும் என்றும் ஒரு போடு போட்டார்.

பிறகு அவர் எழுதியதில் பெரும்பகுதி இந்தக் கருத்தின் விரிவு என்பது என் எண்ணம். அவருடைய எல்ஃப்களுக்கு நோயில்லை, மூப்பில்லை. ஆனால் உலகம் உள்ளவரை அதைவிட்டு வெளியேற முடியாது. மனிதர்களுக்குச் சாவு உண்டு, அது படைத்தவன் தந்த பரிசு. நூமெனோர் தீவின் மனிதர்கள் அந்தப் பரிசை வெறுத்து, சாகாதவர்களின் கரையைப் பிடிக்கக் கப்பற்படையோடு போகிறார்கள். கடல் புரண்டு தீவையே விழுங்குகிறது. கடல்கோள் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த இடத்தில் யாரும் பொழிப்புரை சொல்ல வேண்டியதில்லை. எல்ஃப் குலத்து ஆர்வென் சாகாமையைத் துறந்து மனிதனான அரகோர்னை மணக்கிறாள். அவன் கண்மூடும் நாளில்தான் தான் எதைத் தேர்ந்தெடுத்தோம் என்பது அவளுக்கு உறைக்கிறது. டோல்கீன் 1916இல் சோம் போர்முனையில் இருந்தவர். 1918க்குள் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர எல்லாரையும் இழந்தவர். சாவைப் பரிசு என்று சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது.

அவருக்குப் பின் ஆங்கிலத்தில் வந்த நல்ல மிகுபுனைவுகள் பலவும் ஏறக்குறைய இதே தடத்தில் போகின்றன. உர்சுலா லெ குவின் 1972இல் வெளியிட்ட ‘தி ஃபார்தெஸ்ட் ஷோர்’ நாவலில் ஒரு மந்திரவாதி சாவின் கதவைத் திறந்துவைத்துவிடுகிறான். அதன் வழியாக உலகத்திலிருந்து எல்லாம் வடிகிறது: பாடகருக்குப் பாட்டு மறக்கிறது, பட்டுக்குச் சாயம் தோய்ப்பவருக்குத் தொழில் மறக்கிறது. ரௌலிங்கின் வோல்டெமார்ட் தன் உயிரைத் துண்டுபோட்டுப் பொருள்களில் ஒளித்துவைக்கிறான். அதைப் படித்து உலகமே வியந்தபோது நம் பாட்டிமார் சிரித்திருப்பார்கள். ஏழு கடல் தாண்டிக் கூண்டுக்கிளிக்குள் உயிரை வைத்த மந்திரவாதியை அவர்களுக்கு எப்போதோ தெரியும். அன்னா லிபராட்டா டி சூசா என்ற ஆயா சொல்லக் கேட்டு மேரி ஃபிரியர் 1868இல் ‘ஓல்டு டெக்கான் டேஸ்’ தொகுப்பில் அச்சிட்ட கதைகளில் அந்தக் கிளியும் உண்டு.

சாவை ஏற்பவன் தெளிகிறான், மறுப்பவன் கெடுகிறான். அந்த நாவல்களின் உள்ளே ஓடும் கணக்கு இது. அழகான கணக்கு, எனக்குப் பிடித்த கணக்கும்கூட. ஆனால் இதை எடுத்துக்கொண்டு நாஞ்சில் நாட்டுக் கதைகளுக்குள் நுழைந்தால் உதவ மாட்டேன் என்கிறது. இங்கே சாகாமலிருப்பவர்கள் யாரும் அதற்கு ஆசைப்பட்டவர்கள் இல்லை. அவர்களுக்குத் தீராத பாக்கி ஒன்று இருக்கிறது. அதனால் போக முடியாமல் நிற்கிறார்கள். அதைத் தீர்க்கும் பொறுப்பு செத்துப்போகிற நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி இடம் இடமாகப் போகலாம்.

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் வழியில், பொற்றையடிப் பக்கம் மருந்துவாழ்மலை நிற்கிறது. அனுமன் தூக்கிக்கொண்டு பறந்த சஞ்சீவி மலையிலிருந்து உதிர்ந்த துண்டு என்று ஊரில் சொல்வார்கள். மூலிகைக்குப் பேர்போன மலை. குகைகளில் சித்தர்கள் இருந்ததாகப் பேச்சு. நாராயண குரு தவமிருந்த பிள்ளத்தடம் குகையும் இங்கேதான். அந்தத் துண்டு இங்கே விழுந்த பிறகும் இம்மாவட்டத்தில் யாரும் சாகாமல் இருந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கதைத்தொழில் தெரிந்தவர்கள் இராமாயணத்தின் அந்த இடத்தை மெதுவாகப் படிக்க வேண்டும். சஞ்சீவி வந்ததும் கதைக்கே ஆபத்து வருகிறது. மூலிகையின் காற்று பட்டுச் செத்தவர்கள் எழுகிறார்கள் என்றால் களத்தில் கிடக்கும் அரக்கர்களும் எழ வேண்டுமே? வால்மீகி இந்த ஓட்டையைப் பார்த்துவிட்டார். மடிந்த அரக்கரின் எண்ணிக்கை வெளியே தெரியக்கூடாது என்று இராவணன் உடல்களைக் கடலில் எறியச் சொல்லியிருந்தான், ஆகவே அந்தப் பக்கத்தில் எழுவதற்கு யாருமில்லை என்கிறார். கௌரவத்துக்காக அவன் செய்த காரியம் அவன் படையின் உயிருக்கு உலையாகிறது. அடுத்த ஏற்பாடு இன்னும் முக்கியமானது. வேலை முடிந்ததும் அனுமன் மலையைக் கொண்டுபோய் எடுத்த இடத்தில் வைத்துவிட்டு வருகிறான். அது பாசறையிலேயே கிடந்திருந்தால் பிறகு வரும் எந்த அம்புக்கும் கூர் இருந்திராது. இன்றைய தொடர்களில் கதாநாயகனை மூன்றாம் முறை உயிர்ப்பிக்கும் எழுத்தாளர்கள் மலையைத் திருப்பிவைக்க மறந்தவர்கள்.

மலையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளித் தேரூர். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1876இல் பிறந்த ஊர். எட்வின் ஆர்னால்டின் ஆங்கில நூலைத் தழுவி அவர் செய்த ‘ஆசிய ஜோதி’யில், இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு புத்தரிடம் வரும் தாயின் கதை உண்டு. சாவே நுழையாத வீட்டில் ஒரு பிடி கடுகு வாங்கி வா என்கிறார் புத்தர். வீடுவீடாக ஏறி இறங்கி, கடுகு இல்லாமல் திரும்பி வருகிறாள். செத்தவரை எழுப்பும் மலையையும் யாராலும் வாங்க முடியாத அந்தக் கடுகையும் இவ்வளவு பக்கத்தில் வைத்திருக்கும் வேறு வட்டாரம் இருக்குமா என்று தெரியவில்லை. கவிமணியே உமர் கய்யாமையும் தமிழில் பாடியவர் என்பதைச் சேர்த்துக்கொண்டால், வாழ்வு குறுகியது என்ற பேச்சை இந்தச் சிறிய ஊர் இரண்டு குரலில் கேட்டிருக்கிறது.

இனி குமரிமுனைக்குப் போவோம். பாணாசுரன் சாகாவரம் கேட்கிறான். கேட்கும் அசுரனுக்கு முழுச் சாகாவரம் கிடையாது என்பது நம் புராணங்களின் வழக்கமான சட்டம். ஆகவே அசுரர்கள் வழக்கறிஞர்போல நிபந்தனை எழுதுகிறார்கள். இரணியன் பகல், இரவு, உள்ளே, வெளியே என்று ஒவ்வொன்றாக அடைத்தான். பாணன் கன்னியால் மட்டுமே சாவு என்று வாங்கிக்கொண்டான். ஒரு பெண்பிள்ளையால் தனக்கு என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு. வரத்தில் விடுபடும் ஓட்டை எப்போதும் கேட்பவனின் அலட்சியத்தைக் காட்டிக்கொடுக்கும். யாரை அவன் பொருட்டாக மதிக்கவில்லையோ அங்கிருந்துதான் சாவு வரும்.

அவனைக் கொல்ல வந்த கன்னியான குமரித் தேவியின் நிலையை யோசித்துப் பாருங்கள். அவளே அந்த ஓட்டை. திருமணம் நடந்தால் ஓட்டை அடைபட்டுவிடும். சுசீந்திரத்து ஈசன் மணக்கோலத்தில் புறப்படுகிறார். முகூர்த்தம் விடிவதற்கு முன். நாரதர் சேவலாகக் கூவுகிறார். வழுக்கம்பாறை வரை வந்தவர் நேரம் கடந்துவிட்டதென்று திரும்பிப் போகிறார். சமைக்காமல் கிடந்த கல்யாண அரிசியும் பயறும் கடற்கரையில் பலநிற மணலாயின என்பார்கள். அந்த மணலைப் பொட்டலம் கட்டி விற்பதைப் பார்க்காத சுற்றுலாப் பயணி இல்லை. பாணன் கொல்லப்படுகிறான். சாகாமலிருக்க விரும்பியவனின் கதை முடிந்துவிட்டது. சாவே இல்லாதவளின் கல்யாணம் மட்டும் முடியவில்லை. விஜயதசமியன்று மகாதானபுரத்துக்குப் பரிவேட்டைக்கு எழுந்தருளி ஆண்டுதோறும் அவனை வதைத்துவிட்டுத் திரும்புகிறாள், மறுபடி கன்னியாகவே நிற்கிறாள். முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத கிரேக்கர் ஒருவர் எழுதிய ‘பெரிப்ளஸ்’ குறிப்பிலேயே, மீதி வாழ்நாளை நோன்பில் கழிக்க விரும்பும் ஆண்களும் பெண்களும் குமரிக்கு வந்து நீராடித் தங்குவதாகவும், ஒரு காலத்தில் தேவி அங்கே நீராடியதாகவும் இருக்கிறது. ஒரு காத்திருப்பை இரண்டாயிரம் ஆண்டாக மனிதர்கள் வந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

காத்திருப்பது சாகாதவர்களின் வேலை. விரும்பும்போது மட்டும் சாகும் வரம் பெற்ற பீஷ்மர் அம்புப்படுக்கையில் உத்தராயணத்துக்காகக் காத்துக் கிடக்கிறார். அசுவத்தாமனுக்கு மூவாயிரம் ஆண்டு வாழ்வு கிடைத்தது வரமாக அல்ல, சாபமாக. விக்கிரமாதித்தன் கதை மட்டும் இதில் சேராது, அதற்கு நகைச்சுவை அதிகம். அரசனுக்கு ஆயிரம் ஆண்டு அரியணை வரம். தம்பி பட்டிக்கோ இரண்டாயிரம் ஆண்டு ஆயுள். அண்ணனுக்குக் குறைகிறதே என்றபோது பட்டி கணக்குப் போட்டான்: ஆறு மாதம் அரியணையில் இருங்கள், ஆறு மாதம் காட்டுக்குப் போங்கள், ஆயிரம் இரண்டாயிரம் ஆகிவிடும். காடாறு மாதம் நாடாறு மாதம் என்று இன்றைக்கும் நாம் சொல்வது இந்தக் கணக்கைத்தான். விக்கிரமாதித்தன் கதைகளின் சாகசங்களில் பலவும் காட்டில் நடப்பவை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆயுளை நீட்டித்த கதையாசிரியர், நீண்ட ஆயுள் சலித்துப்போகாமலிருக்க அதில் பாதியைக் கொண்டுபோய்ப் புலியும் வேதாளமும் உள்ள இடத்தில் வைத்துவிட்டார்.

சங்கப் பாடல்களின் போக்கு வேறு. அதியமான் நெடுநாள் வாழவைக்கும் நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்துவிட்டான். அவன் போரில் மடிந்த பின் அவனுக்காகப் புலம்பும் வேலை கனி தின்ற ஔவைக்கு வந்தது. அதே ஔவை நாஞ்சில் மலைத் தலைவனான வள்ளுவனையும் பாடியிருக்கிறார். கீரைக்குக் கொஞ்சம் அரிசி கேட்டவருக்கு அவன் யானையைக் கொடுத்த கதையை இங்குள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தேவாமிர்தமே கிடைத்தாலும் தனியே உண்ணாதவர்கள் இருப்பதால் உலகம் இருக்கிறது என்று பாடிய புலவர் இளம்பெருவழுதி. அவர் பெயருக்கு முன்னால் ‘கடலுள் மாய்ந்த’ என்ற அடை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அமிர்தத்தைப் பற்றி நம் மொழியில் சொல்லப்பட்ட மிக உயர்ந்த கருத்து, எப்படிச் செத்தார் என்பதையே பெயராகக் கொண்ட ஒருவருடையது.

இவையெல்லாம் முன்னுரை. நான் நெடுநேரம் நிற்க விரும்பும் இடம் வில்லுப்பாட்டு.

நம் கொடை விழாக்களில் பாடப்படும் கதைகளைக் கலைஞர்கள் தாங்களே இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். தெய்வப் பிறவிகளின் கதை ஒன்று. வெட்டுப்பட்ட வாதைகளின் கதை மற்றொன்று. சிவனின் வேள்விக்குண்டத்தில் பிறந்து இறங்கி வந்தவர்கள் முதல் வகை. இந்த மண்ணில் மனிதராகப் பிறந்து, அநியாயமாக வெட்டுப்பட்டு, தெய்வமானவர்கள் இரண்டாம் வகை. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1970களில் இப்பகுதியில் தங்கி ஆராய்ந்து 1988இல் ஒரு நூல் வெளியிட்டார். பிறப்பையும் சாவையும் பாடுவது என்பதே அதன் தலைப்பின் பொருள். கொடையின் நடுச்சாமத்தில், சாமியாடிக்கு அருள் வரும் நேரத்துக்கு, கதாநாயகனின் சாவுப் பகுதி வந்து சேரும்படி புலவர் பாட்டை நடத்திக்கொண்டு போவதை அவர் நுட்பமாகக் காட்டுகிறார். இது பாட்டை முன்னின்று நடத்தும் நம் அண்ணாவிகளுக்குத் தெரிந்ததுதான். வீசுகோல் வில்லில் விழும் வேகம் கூடக் கூட, குடம் அதிர அதிர, கதையில் ஒருவன் வெட்டுப்பட்டு விழுகிறான். எதிரே அவனே எழுந்து ஆடுகிறான். கதை தன் தலைவனைக் கொல்லும் கணத்திலேயே அவன் நேரில் வந்து நிற்கும் இப்படி ஒரு வடிவத்தை எந்த மிகுபுனைவு நாவலாலும் செய்ய முடியாது. பொறாமையாக இருக்கிறது.

அந்தக் கதைகளின் பின்பாதி இன்னும் விசேஷமானது. வெட்டுப்பட்டவன் நேரே கைலாசம் போகிறான். அங்கேயே இருந்துவிடலாம். இருப்பதில்லை. சிவனிடம் வரம் வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறான். தன்னைக் கொன்றவன் குடியைக் கேட்க வேண்டும், தனக்குக் கோயிலாக ஒரு நிலையம் வேண்டும், ஊட்டும் படப்புமாகப் படையல் வேண்டும். மோட்சத்தின் வாசல்வரை போய்விட்டுப் பாக்கியை வசூலிக்கத் திரும்பும் இந்த ஆட்களை டோல்கீனின் இரண்டு வகைகளிலும் சேர்க்க முடியாது. இவர்கள் சாவிலிருந்து தப்பவில்லை, முழுதாகச் செத்தவர்கள். சாகாமையிலிருந்து தப்பவும் விரும்பவில்லை. கணக்கு முடியும்வரை இங்கேதான்.

நீலியை எடுத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலை ஒட்டிய கள்ளியங்காட்டைத்தான் அவள் கதையின் இடமாக நம் ஊரில் சொல்வார்கள். பாடல்களுக்கிடையே வேறுபாடு உண்டு, எலும்புக்கூடு இது. தாசிப்பெண் ஒருத்தி, தன்னிடம் செல்வமெல்லாம் இழந்து வெளியேறிய வேதியனை விட மனமில்லாமல் பின்னாலேயே போகிறாள். அவன் மடியில் தலைவைத்து உறங்குகிறாள். நகைக்காக அவன் தலையில் கல்லைப் போடுகிறான். கேட்க ஒருவருமில்லாத காட்டில், பக்கத்தில் நின்ற கள்ளிச்செடியைச் சாட்சியாக்கிவிட்டுச் சாகிறாள். அடுத்த பிறவியில் அவள் நீலி, அவன் செட்டி. கள்ளிக்கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவர் என் கணவர் என்று ஊர்ச்சபையில் முறையிடுகிறாள். குழந்தை அவனைப் பார்த்து அப்பா என்கிறது. ஊர்ப் பெரியவர்கள் எழுபது பேர், உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிர் ஈடு என்று சொல்லி அவனை அவளோடு ஒரே அறையில் விடுகிறார்கள். காலையில் அவன் குடல் சரிந்து கிடக்கிறான். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள்.

கதை அங்கே முடிந்திருந்தால் வெறும் பழிக்கதை. முடியவில்லை. பழி தீர்த்த பிறகு நீலி இசக்கியாக நிற்கிறாள், கையில் குழந்தையோடு. பிள்ளை வரம் கேட்டும் பிரசவம் நல்லபடியாக நடக்கவும் பெண்கள் அவளிடம் போகிறார்கள். மண்ணில் செய்த குழந்தையை, மரத்தொட்டிலைக் காணிக்கையாக வைக்கிறார்கள். முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலைக் கடக்கும் லாரி ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். சுற்றிலும் காற்றாலைகள் சுழல்கின்றன. கொலைக்குச் சாட்சியாக வந்த கள்ளிக்குழந்தை எப்படிப் பிள்ளைவரமாக மாறியது? இதை மாற்றியது நீலி அல்ல. தலைமுறை தலைமுறையாக அவளுக்குப் பொங்கலிட்டு, அவள் கதையை முழுதாகப் பாடக் கேட்டு, உனக்கு நடந்தது அநியாயம் என்று ஆண்டுதோறும் ஒத்துக்கொண்ட மனிதர்கள். சாகிறவர்கள் கூடிச் சாகாதவளின் சினத்தைக் காவலாக மாற்றியிருக்கிறார்கள். நான் படித்த எந்த மிகுபுனைவிலும் மனிதருக்கு இவ்வளவு பெரிய வேலை கொடுக்கப்படவில்லை.

முத்துப்பட்டன் கதையும் இப்படித்தான். பிராமணனாகப் பிறந்து, சக்கிலியர் குலத்துப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, மாமனார் தொழிலையே ஏற்று, மாடு கவர வந்தவர்களோடு மோதி வெட்டுப்பட்டவன். நா. வானமாமலை அச்சில் கொண்டுவந்த கதைப்பாடல்களில் தலையாயது. காரையாற்றுச் சொரிமுத்தையன் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் அவனுக்குப் பக்தர்கள் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். அடுத்த முறை பார்த்தால் செருப்பு தேய்ந்திருக்கும் என்பது நம்பிக்கை. இராத்திரி முழுக்கக் காவல் நடக்கிறானாம். சாகாத எல்ஃப் குலத்து இளவரசர்களுக்கு எத்தனையோ பெருமை உண்டு. ஒருவருக்கும் செருப்பு தேய்ந்ததாக எழுதியிருக்கவில்லை.

இரவிக்குட்டிப் பிள்ளையின் கதையில் மாயம் குறைவு, ஆனால் நம் விஷயத்துக்கு அது வேண்டும். 1630களில் திருமலை நாயக்கரின் படையை எதிர்த்துக் கணியாகுளத்தில் விழுந்த வேணாட்டுப் படைத்தலைவர். போருக்கு முந்தைய இரவு கண்ட கெட்ட கனவுகளைத் தாயும் மனைவியும் சொல்லித் தடுக்கிறார்கள். பாடலில் அந்தப் பகுதி நீளமானது, வேண்டுமென்றே நீளமானது. கேட்பவர்களுக்கு முடிவு தெரியும், பாடுபவருக்குத் தெரியும், பிள்ளைக்கும் தெரியும் என்றே படுகிறது. எத்தனை பெட்டகத்துக்குள் இருந்தாலும் சாவு வரும் நாளில் வரும் என்று பதில் சொல்லிவிட்டுப் புறப்படுகிறார். குமரித் தேவிக்கு இப்படிப் புறப்பட வழியில்லை, காவல் தெய்வமான மாடனுக்கும் இல்லை. சாகக்கூடியவன் மட்டுமே தேதி வைத்து ஒரு காரியத்தில் இறங்க முடியும். கதையில் வரும் தெய்வங்கள் ஒரே வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருப்பதும் மனிதர்கள் ஒரு முடிவை நோக்கி நடப்பதும் இதனால்தான்.

இந்தக் கதைகளை ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடிப் பகுதிகளிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்கள் பலர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. ஏழாண்டு செய்தி இல்லாமலிருந்தால்தான் ஒருவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் பொதுவிதி. நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று ஊரே மெழுகுவத்தி ஏற்றும்போது, ஏற்றுவதற்குக் கல்லறை இல்லாத வீடுகள் அந்தக் கரையில் இருக்கின்றன. அவர்களிடம் போய், சாவை ஏற்றுக்கொள்வதே ஞானம் என்று எந்த நாவலும் சொல்ல முடியாது. அவர்கள் கேட்பது சாவை வெல்லும் மருந்து அல்ல. சாவு நடந்துமுடிந்தது என்ற உறுதி. நம் பழைய கதைகள் இந்தத் தேவையிலிருந்து பிறந்தவை என்றே நம்புகிறேன். முடியாமல் விட்ட சாவை முடித்துவைக்கும் சடங்குதான் அந்த இராத்திரிப் பாட்டு.

நவீன இலக்கியத்தில், சாகாதவர்களுக்கும் நமக்கும் உள்ள இந்தப் பாக்கியைச் சரியாகப் பிடித்த கதையாக ஜெயமோகனின் ‘மாடன் மோட்சம்’ எனக்குப் படுகிறது. கொடை நின்றுபோய்ப் பசியில் வாடும் மாடனும் அவனுடைய ஏழைப் பூசாரி அப்பியும் போடும் திட்டம் கைமீறிப் போகிறது. கடைசியில் மாடன் பெருந்தெய்வமாகப் பதவி உயர்ந்து, ரத்தமும் சாராயமும் கிடைக்காமல் சர்க்கரைப் பொங்கலோடு உள்ளே அடைபடுகிறான். சிரிக்கச் சிரிக்கப் படித்துவிட்டு யோசித்தால் நெஞ்சை அடைக்கிறது. மாடனை அழிப்பதற்கு அவனைக் கொல்ல வேண்டியதில்லை. அவனுக்கும் அப்பிக்கும் இடையில் இருந்த கொடுக்கல் வாங்கலை அறுத்தால் போதும். புதுமைப்பித்தன் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் இதன் மறுபக்கத்தைத் தொட்டார். வரம் கொடுக்கத் தெரிந்த கடவுளுக்குச் சென்னையில் ஒரு குடித்தனத்தோடு ஒட்டி வாழத் தெரியவில்லை.

இவற்றோடு ஒப்பிட்டால் இன்று தமிழில் வரும் மிகுபுனைவுகளில் பெரும்பாலானவை எனக்கு ஏமாற்றமே. ஐந்நூறு ஆண்டு உறங்கி எழும் வில்லன், உலகை ஆள ஆசைப்படுகிறான். ஏன்? ஐந்நூறு ஆண்டுக்குப் பிறகும் ஒருவனுக்கு உலகம் வேண்டியிருக்குமா? அவனுக்கு யார் என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்பது ஆசிரியருக்குத் தெரியாது, அதனால் வாளும் நெருப்பும் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. டிராகனையும் எல்ஃபையும் கடன் வாங்கியது குற்றமில்லை, கதை எங்கிருந்தும் வாங்கும். ஆனால் சாகாதவனைப் படைத்தவர் அவன் எதற்காகப் போகாமல் நிற்கிறான் என்பதைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்ல முடியாத இடத்தில் சாகாவரம் என்பது கதையை முடிக்கத் தெரியாதவரின் வசதி, அவ்வளவே.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். பங்குனி, சித்திரை, ஆடி மாதங்களில் இம்மாவட்டத்தில் எங்காவது கொடை நடந்துகொண்டே இருக்கிறது. ஆனால் வில்லுப்பாட்டின் நேரம் பல ஊர்களில் சுருங்கிவிட்டது. கதையை முழுதாகப் பாடவிடாமல், வாழ்த்தும் நான்கு சினிமா மெட்டும் போதும் என்று அனுப்பிவிடுகிறார்கள். விழாக்குழுவில் உங்கள் சித்தப்பாவோ மாமாவோ கட்டாயம் இருப்பார். அவரிடம் பேசி, அண்ணாவிக்கு ஓர் இரவை முழுதாக வாங்கிக் கொடுங்கள். அனுமதி கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள், பாடியவர் பெயரையும் ஊரையும் குறித்துவையுங்கள், வீட்டுப் பரணில் கதைப்பாடல் ஏடு கிடந்தால் பழைய தாளுக்கு எடைபோடாமல் பல்கலைக்கழகத்திடமோ ஆய்வாளரிடமோ சேர்த்துவிடுங்கள். மிகுபுனைவு எழுத விரும்புகிறவர்கள் அதற்கு முன் அந்த இராத்திரியில் நடுச்சாமம் தாண்டும்வரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருங்கள்.